யாங்கோன் பட்டறைக்கு ஏற்ற ஈய உறிஞ்சி எது? கையால் இயங்கும் சக்கர்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

மியான்மரின் யாங்கோனில் மின்னணுச் சாதனங்களைப் பழுது பார்க்கும் நம்மவர்கள் சால்டரிங் அயர்ன் வாங்கும்போது தாராளமாகவே செலவழிக்கிறார்கள். வெப்பநிலையை வேண்டியபடி வைத்துக்கொள்ளும் ஸ்டேஷன், அதற்கு மாற்று முனைகள், நல்ல ஈயக் கம்பி என்று பார்த்துப் பார்த்துச் சேர்க்கிறார்கள். ஆனால் வைத்த ஈயத்தைத் திரும்ப எடுக்கும் கருவி என்று வரும்போது, கடைக்காரர் கல்லாவுக்குப் பக்கத்தில் டப்பாவில் போட்டு வைத்திருக்கும் நீல நிறச் சக்கர் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். புதிதாகச் சர்க்யூட் போர்டு கட்டுபவருக்கு ஈயம் வைப்பது பெரிய வேலையாக இருக்கலாம். பழுது பார்ப்பவருக்கோ ஈயத்தை எடுப்பதுதான் பெரிய வேலை. வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த போர்டில் டிராக் (போர்டில் ஒட்டியிருக்கும் செப்புக் கோடு) உரிவதும், பேட் (உறுப்பின் காலை ஈயத்தால் பிடித்து வைக்கும் செப்புத் திட்டு) கையோடு வருவதும், துளை அடைத்துக்கொள்வதும் பெரும்பாலும் பழைய உறுப்பைக் கழற்றும் அந்த இடத்தில்தான் நடக்கிறது. ஆகவே பட்டறையில் நாள்தோறும் பயன்படுத்திப் பார்த்த மூன்று வகைச் சக்கர்களைப் பற்றியும், அவற்றுக்குத் துணையாக வைத்திருக்க வேண்டிய செப்புப் பின்னல் பட்டையைப் பற்றியும் சற்று விரிவாகவே எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சக்கரின் தரத்தை அதன் ஸ்பிரிங்கில் தேடக் கூடாது, அதன் மூக்கில் தேட வேண்டும்.

இந்த ஊரில் எந்த வகைப் போர்டுகள் நம் மேசைக்கு வருகின்றன என்பதைப் பொறுத்தே கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே மின்சாரம் பெயரளவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆனால் மாலை நேரங்களில் வோல்டேஜ் எவ்வளவு இறங்கும், மின்சாரம் போய்த் திரும்ப வரும்போது எப்படி ஏறும் என்பதை வீட்டில் குளிர்பெட்டி வைத்திருக்கும் எவரும் அறிவார். அதனால் வீட்டுக்கு வீடு ஸ்டெபிலைசரும் வோல்டேஜை ஏற்றித் தரும் ஸ்டெப்-அப்பும் இருக்கின்றன. மின்வெட்டு கூடியபிறகு பேட்டரியும் இன்வர்ட்டரும் சோலார் தகடும் சேர்ந்துகொண்டன. எங்கள் பட்டறைக்கு வருபவற்றில் பாதிக்கு மேல் இவைதாம். மீதியில் டிவியின் பவர் சப்ளை, கோயில் ஆம்பிளிஃபயர், ரைஸ் குக்கர் போன்றவை அடங்கும்.

ஸ்டெபிலைசரும் இன்வர்ட்டரும் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு சோதனைகளைச் சக்கருக்கு வைக்கின்றன. மலிவான ஸ்டெபிலைசரின் போர்டு பழுப்பு நிறத்தில் இருக்கும். காகிதத்தையும் ஃபீனாலிக் பிசினையும் அழுத்திச் செய்தது. அதில் செப்பு ஒரு பக்கம் மட்டுமே உண்டு. துளைக்குள் உலோகப் பூச்சு கிடையாது. ஈயம் மேலாக நிற்பதால் உறிஞ்சுவது எளிது. ஆனால் பேட்டைப் பிடித்து வைத்திருப்பது வெறும் பசை மட்டுமே என்பதால், சற்றே கூடுதலாகச் சுட்டாலும், கடினமான முனையால் ஒரு தட்டுத் தட்டினாலும் பேட் உரிந்து வந்துவிடும். இன்வர்ட்டர் போர்டோ பச்சை நிறக் கண்ணாடி இழைப் போர்டு. எஃப்ஆர்-4 என்று சொல்வது இதைத்தான். இரு பக்கமும் செப்பு, துளையின் உட்சுவர் முழுவதும் செப்புப் பூச்சு, மின்னோட்டம் அதிகம் பாயும் இடங்களில் அகலமான செப்புப் பரப்பு. இதில் பேட் எளிதில் உரியாது, ஆனால் ஈயம் துளையின் அடிவரை இறங்கி நிற்கும். சுற்றியுள்ள செப்போ வெப்பத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். முழுவதும் உருகாத நிலையில் உறுப்பின் காலைப் பிடித்து இழுத்தால் துளையின் உட்பூச்சே சேர்ந்து வெளியே வரும். அதன்பிறகு அந்தப் போர்டின் மேல்பக்கத்துக்கும் கீழ்பக்கத்துக்கும் அங்கே தொடர்பு இல்லை. முதல் போர்டு மென்மையைக் கேட்கிறது, இரண்டாவது போர்டு வேகத்தைக் கேட்கிறது. இரண்டையும் ஒரே கருவி தர முடியுமா என்பதே கேள்வி.

சக்கர் வேலை செய்யும் விதம் எளியது. ஸ்பிரிங்கை அழுத்திப் பூட்டுகிறோம். பொத்தானைத் தட்டியதும் பிஸ்டன் பின்னோக்கிப் பாய்ந்து, மூக்கு வழியாகக் காற்றை இழுக்கிறது. காற்றோடு உருகிய ஈயமும் உள்ளே போகிறது. இங்கே கவனிக்க வேண்டியது, காற்று எந்த வழி எளிதோ அந்த வழியாகத்தான் வரும் என்பது. மூக்குக்கும் பேட்டுக்கும் இடையே ஓர் இடைவெளி இருந்தால், இழுக்கும் காற்றில் பெரும்பகுதி அந்தப் பக்கவாட்டு இடைவெளி வழியாகவே வந்து சேரும். துளைக்குள் இருக்கும் ஈயத்தின் மேல் இழுவை விழாது. அதோடு, பட்டறையில் நாம் ஈயம் என்று சொல்லும் சால்டர் ஒரு கலவை. 63 பங்கு டின்னும் (வெள்ளீயம்) 37 பங்கு ஈய உலோகமும் கலந்தது 183 டிகிரி செல்சியசில் உறைந்துவிடும். ஈய உலோகம் சேராத எஸ்ஏசி305 கலவை 217 முதல் 220 டிகிரிக்குள்ளேயே உறைந்துவிடும். அயர்னை விலக்கி, சக்கரை அந்த இடத்துக்குக் கொண்டு வந்து, பொத்தானைத் தட்டுவதற்குள், அகலமான செப்புப் பரப்பில் இருக்கும் ஈயம் உறைந்தே போயிருக்கும். எனவே அயர்ன் அந்த இடத்திலேயே இருக்க, சக்கரின் மூக்கும் அதே இடத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்தியிருக்க வேண்டும். இந்த ஒன்றைச் செய்ய இடம் கொடுக்கும் மூக்கு நல்ல மூக்கு. மற்றவை எல்லாம் இதற்குப் பின்புதான்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நீல நிற அலுமினியச் சக்கரைப் பார்க்கலாம். அனோரதா சாலையை ஒட்டிய தெருக்களில் மின்சாமான் விற்கும் எந்தக் கடையிலும் இது கிடைக்கும். பெயர் இருக்காது, இருந்தாலும் அடுத்த முறை வேறு பெயர் இருக்கும். உடல் உறுதியானது, ஸ்பிரிங்கும் பலமானதுதான். முனை வெள்ளை நிறத்தில் கெட்டியாக இருக்கும். நல்லவற்றில் அது டெஃப்லான்; 327 டிகிரியில்தான் உருகும். மலிவானவற்றில் என்ன பிளாஸ்டிக் என்று யாரும் சொல்வதில்லை. நாம் அயர்னை 350 டிகிரிக்குக் குறையாமல் வைத்து வேலை செய்வதால், எந்த முனையானாலும் அயர்னின் பக்கத்தில் வைத்து வைத்துச் சில நாட்களிலேயே அதன் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்து சரிந்துவிடும். வட்டமாக இருந்த வாய் கோணலானதும், ஏற்கெனவே இருந்த இடைவெளி இன்னும் பெரிதாகிறது. இதைவிடப் பெரிய குறை, அதன் உதை. பிஸ்டன் பின்னோக்கிப் பாயும் கணத்தில் உடல் முன்னோக்கி, அதாவது போர்டை நோக்கி, உதைக்கிறது. பிஸ்டன் மேலே போய் முட்டியதும் கை மேல்நோக்கித் துள்ளுகிறது. அந்த முதல் உதையில் கெட்டியான முனை சூடான பேட்டின் மேல் இடிக்கும். கண்ணாடி இழைப் போர்டு அதைத் தாங்கும். ஸ்டெபிலைசரின் பழுப்புப் போர்டு தாங்காது. சூட்டில் பசை இளகியிருக்கும் நேரத்தில் விழும் அந்த ஓர் இடியே பேட் உரிவதற்குப் போதும். ஸ்பிரிங் பலமாக இருப்பதே நல்ல சக்கருக்கு அடையாளம் என்று கடைக்காரர் சொல்வதை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது, அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள எட்சின் நிறுவனத்தின் சோல்டாபுல்ட் டிஎஸ்017. நீலமும் மஞ்சளும் கலந்த, பருத்த, நீளமான பிளாஸ்டிக் பம்பு. பல பத்தாண்டுகளாகத் தொழிற்சாலைகளிலும் பயிற்சிக் கூடங்களிலும் புழங்கி வரும் கருவி இது. உள்ளறை பெரியது என்பதால் ஒரே இழுப்பில் அள்ளும் காற்று அதிகம். டிரான்ஸ்ஃபார்மரின் தடித்த கால்களிலும், ஆம்பிளிஃபயரின் ஸ்பீக்கர் இணைப்புகளிலும் குவிந்து கிடக்கும் ஈயத்தை இது எடுப்பதைப் பார்த்தால் மனம் நிறையும். முனையைத் தனியாக வாங்கி மாற்றலாம், பிரித்துத் துடைப்பதும் எளிது. ஒழுங்காகப் பராமரித்தால் ஒருவரின் தொழில்வாழ்வு முழுவதும் கூட வரக்கூடியது. ஆனால் பருமனால் கண்ணுக்கும் வேலை நடக்கும் இடத்துக்கும் இடையே அது வந்து நிற்கிறது. உறுப்புகள் நெருங்கி நிற்கும் போர்டில் முனையைச் சரியான கோணத்தில் கொண்டு போவது கடினம். சிறிய கை உள்ளவர்களால் ஒரு கையாலேயே பூட்டிக்கொள்ளவும் முடியாது. உதையும் உண்டு. பெரிய வேலைகளுக்கு இதை நான் மனமாரப் பரிந்துரைப்பேன். நாள்முழுவதும் கையில் இருக்க வேண்டிய ஒரே கருவியாக அல்ல. மின்னேற்றம் பற்றியும் ஒரு சொல்: சாதாரணப் பிளாஸ்டிக் பம்புக்குள் பிஸ்டன் உராயும்போது நிலைமின்னேற்றம் உண்டாகும், அதனால் இந்த நிறுவனமே அதைக் குறைக்கும் வகையில் வேறொரு மாதிரியையும் விற்கிறது. மழைக்காலத்தில் இங்கே காற்றில் இருக்கும் ஈரம் அந்தக் கவலையைப் பெருமளவு குறைத்துவிடும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரையான வறண்ட நாட்களில் மாஸ்ஃபெட் (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்), மைக்ரோகன்ட்ரோலர் (கட்டுப்பாட்டுச் சில்லு) போன்ற, நிலைமின்னேற்றத்தால் கெடக்கூடிய உறுப்புகளின் அருகே வேலை செய்பவர்கள் இதையும் கணக்கில் கொள்வது நல்லது.

மூன்றாவது, ஜப்பானின் ஒசாகாவில் உள்ள எஞ்சினியர் நிறுவனத்தின் எஸ்எஸ்-02. பார்ப்பதற்கு மூன்றிலும் இதுதான் சிறியது. தடித்த பேனா அளவே இருக்கும் இந்த அலுமினிய உடலைக் கடையில் பார்த்தவர்கள், இவ்வளவு விலையா என்று கேட்டுவிட்டுத் திரும்ப வைத்துவிடுவதுண்டு. இதன் சிறப்பு முழுவதும் அதன் மூக்கில் இருக்கிறது. கெட்டி முனைக்குப் பதிலாக, வெப்பம் தாங்கும் சிலிகோன் ரப்பர் குழாய்த் துண்டு ஒன்று செருகப்பட்டிருக்கிறது. அது வளையும், அமுங்கும், தொட்ட இடத்தின் வடிவத்தை ஏற்றுக்கொள்ளும். அயர்னின் முனை பேட்டின் மேல் இருக்கும்போதே, அந்த முனையையும் சேர்த்து அணைத்தபடி குழாயை அழுத்தி வைக்கலாம். சில நொடிகள் அயர்னைத் தொட்டபடி இருப்பதால் அது உருகிவிடாது. இடைவெளி அடைபட்டுவிடுவதால், சிறிய உள்ளறை இழுக்கும் சிறிய அளவுக் காற்று முழுவதும் ஈயத்தின் மேலேயே வேலை செய்கிறது. உதை குறைவு; இருக்கும் உதையையும் ரப்பர் வாங்கிக்கொள்கிறது.

ஒரு வேலையை அருகிலிருந்து பார்த்தால் இது விளங்கும். ஸ்டெபிலைசர்களில் அடிக்கடி மாற்ற வேண்டியது ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். வோல்டேஜ் ஏறி இறங்கும்போதெல்லாம் படபடவென்று மாறி மாறி, அதன் தொடுமுனைகள் கருகி ஒட்டிக்கொள்ளும். ஐந்து கால் ரிலே என்றால் ஐந்து கால்களையும் முழுமையாக விடுவித்த பிறகே அதை எடுக்க முடியும். ஒரு காலில் மெல்லிய படலமாக ஈயம் ஒட்டியிருந்தாலும் இழுக்கும்போது அந்தப் பேட் உரியும். நான் முதலில் ஒவ்வொரு காலிலும் புதிய 60/40 ஈயத்தை (60 பங்கு டின், 40 பங்கு ஈய உலோகம்) கொஞ்சம் சேர்த்து உருக்குவேன். காலைச் சுற்றி ஈயம் பளபளப்பாகப் பரவி, காலை அயர்ன் முனையால் மெல்ல அசைத்தால் அது துளைக்குள் தளர்வாக ஆட வேண்டும். அந்த நிலையில் சிலிகோன் மூக்கைக் காலின் மேல் தொப்பி மாட்டுவதுபோல் இறக்கிப் பொத்தானைத் தட்டினால், காலைச் சுற்றி ஒரு மெல்லிய வட்ட இடைவெளி தெரியும். அதன் வழியே மேசை விளக்கின் வெளிச்சமும் தெரியும். ஐந்து கால்களிலும் இந்த வெளிச்சம் தெரிந்தால் ரிலே தானாகவே கையில் விழும். நீலச் சக்கரால் இதே வேலையைச் செய்தால், பெரும்பாலும் நான்கு கால்கள் விடுபட்டு ஐந்தாவது சண்டை போடும். அந்தச் சண்டையில்தான் பேட் போகும்.

இன்வர்ட்டர் போர்டில் நடைமுறை சற்று வேறு. எரிந்துபோன மாஸ்ஃபெட்டைக் காப்பாற்ற வேண்டியதில்லை என்பதால், முதலில் அதன் மூன்று கால்களையும் கட்டரால் உடலை ஒட்டி வெட்டிவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு காலையும் தனித்தனியாக உருக்கி, டுவீசரால் பிடித்து எடுத்துவிடலாம். துளையில் மீந்திருக்கும் ஈயத்தை உறிஞ்சுவதே சக்கரின் வேலை. பக்கத்தில் பயிலும் தம்பி, “அண்ணே, எத்தனை தடவை இழுத்தாலும் ஓட்டை அடைஞ்சேதான் இருக்கு” என்று கேட்பது பெரும்பாலும் மாஸ்ஃபெட்டின் டிரெயின் எனப்படும் காலின் துளையிலோ எர்த் பக்கத் துளையிலோதான், ஏனென்றால் அவை அகலமான செப்போடு சேர்ந்தவை. அங்கே ஒரே பக்கத்திலிருந்து மறுபடியும் மறுபடியும் இழுப்பதால் பயனில்லை. போர்டை நிறுத்தி வைத்து, ஒரு பக்கத்தில் அயர்னும் மறு பக்கத்தில் சக்கரும் வைத்து, துளையின் இரு வாய்களுக்கும் இடையே காற்று நேராகப் பாயும்படி செய்ய வேண்டும். ஹாட் ஏர் (சூடான காற்றை ஊதும் கருவி) இருந்தால் அந்தப் பகுதியை முன்கூட்டியே 100 டிகிரி அளவுக்குச் சூடேற்றி வைத்துக்கொள்வது பாதி வேலையை முடித்துவிடும். இந்த வேலைக்கும் மூக்கு பொருந்துவதே முக்கியம் என்பதால் எஸ்எஸ்-02 இங்கேயும் சோடை போவதில்லை. ஆனால் மிகக் குவிந்த ஈயம் என்றால் இரண்டு மூன்று இழுப்புகள் தேவைப்படும், அந்த இடத்தில் சோல்டாபுல்ட் முந்திக்கொள்ளும்.

எஸ்எஸ்-02-இன் குறைகளையும் சொல்ல வேண்டும். சிலிகோன் குழாய் தேய்பொருள். அடிக்கடி அயர்னைத் தொடுவதால் அதன் நுனி கருத்துப் பிளவுபடும். அப்போது பிளேடால் நேராக வெட்டி விட்டால் புது வாய் கிடைக்கும், குழாய் குட்டையானதும் மாற்ற வேண்டும். மாற்றுக் குழாய் தனியாகக் கிடைக்கிறது என்றாலும், யாங்கோனில் எல்லா நாளும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சிங்கப்பூருக்கோ பாங்காக்குக்கோ போய் வருபவர்களிடம் சொல்லி வாங்கி வைத்துக்கொள்வதே நடைமுறை. உள்ளறை சிறியது என்பதால் அடிக்கடி சுத்தம் செய்தாக வேண்டும். விலையோ நீலச் சக்கரின் விலையைப் போலப் பல மடங்கு. எவ்வளவு கியாட் என்று எழுதுவதால் பயனில்லை. மாற்று விகிதம் இருக்கும் நிலையில் இன்று எழுதியது அடுத்த மாதம் பொருந்தாது. எனினும், ஒரு நல்ல இன்வர்ட்டர் போர்டில் துளை போனால் அதைச் சரிக்கட்ட ஆகும் நேரத்தையும், வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய விளக்கத்தையும் எண்ணிப் பார்த்தால், இந்த விலை எனக்கு அதிகமாகத் தெரியவில்லை.

இதே தோற்றத்தில், இதே அளவில், சிலிகோன் மூக்கோடு வேறு பெயர்களில் விற்கப்படுபவையும் உண்டு. ஒரு கடையில் மூலக் கருவி என்றே சொல்லி எனக்கு அப்படி ஒன்றைக் கொடுத்தார்கள். உடல் பார்ப்பதற்கு அதேபோல இருந்தது. குழாய் மட்டும் அயர்ன் பட்டவுடன் புகைந்து சுருங்கியது, அது சிலிகோனே அல்ல. திருப்பிக் கேட்டபோது பயன்படுத்திய பொருளை வாங்க மாட்டோம் என்றார்கள். இதை நான் சொல்வது அத்தகைய பம்புகள் எல்லாமே பயனற்றவை என்பதற்காக அல்ல. அந்தப் பம்பிலேயே நல்ல சிலிகோன் குழாய்த் துண்டு ஒன்றை மாட்டியதும் அது ஒழுங்காக வேலை செய்தது. கையில் காசு குறைவாக இருப்பவர்களுக்கு இதிலிருந்து ஒரு வழி கிடைக்கிறது: நீலச் சக்கரின் வெள்ளை முனையின் மேல் இறுக்கமாகப் பொருந்தும் விட்டத்தில், வெப்பம் தாங்கும் சிலிகோன் குழாயைச் சிறிதளவு வெளியே நீட்டி மாட்டிக்கொள்ளலாம். உதை முழுவதும் குறையாது, ஆனால் இடைவெளி அடைபடும், முனை தேய்வது நிற்கும். இப்போதுதான் தொழில் கற்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் செய்து கொடுப்பது இதைத்தான். மீன் தொட்டிக்கு விற்கும் குழாய்களில் பல பிவிசி. அவற்றை வாங்கிவிடக் கூடாது. வெட்டிய துண்டின் ஓரத்தை அயர்னால் தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்: சிலிகோன் உருகி ஒழுகாது, பிவிசி உடனே இளகிப் புகையும்.

சக்கர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தட்டையான பேட்டுகளில் மீந்திருக்கும் மெல்லிய படலத்தை அது எடுக்காது. அதற்குச் செப்புப் பின்னல் பட்டை வேண்டும். நம் பட்டறைகளில் விக் என்று சொல்வது. ஜப்பானிலிருந்து கூட் (goot) என்ற பெயரில் வரும் பட்டை, அமெரிக்காவின் கெம்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் சோடர்-விக் ஆகியவை நம்பத்தக்கவை. 2 மில்லிமீட்டர் அகலம் பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். பேட்டின் அகலத்துக்கு ஒத்த அகலம் என்பதே விதி. மெல்லிய செப்பு இழைகள் நெருக்கமாகப் பின்னப்பட்டு, ஃபிளக்ஸ் (ஆக்சைடை நீக்கி ஈயம் பரவ உதவும் பொருள்) ஏற்றப்பட்டிருந்தால்தான் ஈயம் இழைகளுக்கு இடையே ஏறும். மலிவான பட்டைகளில் ஃபிளக்ஸ் பெயருக்குத்தான் இருக்கும். அவற்றில் ரோசின் ஃபிளக்ஸைத் தடவிய பிறகே பயன்படுத்த வேண்டும். இந்த ஊருக்கென்று ஒரு எச்சரிக்கையும் உண்டு. மே முதல் அக்டோபர் வரை பெய்யும் மழையில், திறந்து வைத்த பட்டையின் செப்பு நிறம் மங்கிப் பழுப்பாகிவிடுகிறது, பிறகு அது ஈயத்தைத் தொடவே தொடாது. மூடி இறுக்கமான டப்பாவில், மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா பையையும் சேர்த்துப் போட்டு வைத்தால் நெடுநாள் கெடாது. பட்டையை இழுத்துத் தேய்க்கக் கூடாது, ஈயம் உறைந்த பிறகு பிய்த்து எடுக்கவும் கூடாது. அயர்னும் பட்டையும் ஒரே நேரத்தில் மேலெழ வேண்டும். ஈயம் ஏறிய நுனியை அவ்வப்போது வெட்டி எறிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே வெப்பத்தைக் குடித்துவிடும்.

பழைய ஈயத்தை எடுப்பதற்கு முன் புதிய ஈயத்தைச் சேர்க்கச் சொன்னதைப் பலர் வியப்போடு கேட்கிறார்கள். 2006 ஜூலை முதல் மின்னணுப் பொருட்களில் ஈயம் போன்ற தீங்கான பொருட்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆர்ஓஎச்எஸ் விதிகள் நடைமுறைக்கு வந்த பிறகு, உலகெங்கும் தயாராகும் போர்டுகளில் பெரும்பாலானவை ஈயம் சேராத கலவையையே கொண்டிருக்கின்றன. சீனாவிலிருந்து இங்கே வரும் இன்வர்ட்டர்களிலும் அதுவே அதிகம். 220 டிகிரி அளவில் உருகும் அந்தக் கலவையோடு 60/40-ஐக் கலந்தால் உருகுநிலை இறங்குகிறது, ஈயம் நீர்மமாக நிற்கும் நேரம் கூடுகிறது, புதுக் கம்பியிலுள்ள ஃபிளக்ஸ் பழைய ஆக்சைடையும் நீக்குகிறது. சக்கருக்குக் கிடைக்கும் அந்தக் கூடுதல் நொடியின் அருமை, பழைய போர்டில் வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

மின்சாரத்தால் இயங்கும் உறிஞ்சிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஹாக்கோ எஃப்ஆர்-301 போன்ற துப்பாக்கி வடிவக் கருவிகள் சூடேற்றுவதையும் உறிஞ்சுவதையும் ஒரே முனையில் செய்கின்றன. அவை மிக நல்லவை. ஆனால் விலை எட்டாத உயரத்தில் இருக்கிறது, முனைகள் அடைத்துக்கொண்டால் உடனே மாற்ற இங்கே கிடைப்பதில்லை. மின்வெட்டு நேரத்தில் சிறிய இன்வர்ட்டரில் ஒரு சாதாரண அயர்னை ஓட்டிவிடலாம். இத்தகைய கருவிக்குத் தேவைப்படும் மின்னாற்றலை எல்லாப் பட்டறை இன்வர்ட்டரும் தராது. நாள்தோறும் நூற்றுக்கணக்கான கால்களை விடுவிப்பவருக்கு மட்டுமே அது பொருந்தும். குழல் முனையோடு ரப்பர் உருண்டை இணைந்த மலிவான அயர்ன்களும் உண்டு. அவற்றில் வெப்பநிலைக் கட்டுப்பாடு இல்லாததால் ஸ்டெபிலைசர் போர்டுகளுக்கு நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்தச் சக்கரானாலும் பராமரிப்பு இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் பழசாகிவிடும். உள்ளே சேரும் ஈயத்தூள் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒட்டிக்கொண்டு காற்றைக் கசியவிடும். வாரம் ஒருமுறையாவது கழற்றி, தூளைக் கொட்டி, உட்சுவரைத் துணியால் துடைத்து, ஓ-ரிங்கில் சிலிகோன் கிரீஸை மிகச் சிறிதளவு தடவ வேண்டும். தேங்காய் எண்ணெய், மெஷின் எண்ணெய் எல்லாம் வேண்டாம். தூளோடு சேர்ந்து அவை பசையாகிவிடும், சில வகை ரப்பரை உப்பவும் வைத்துவிடும். கழற்றும்போது ஸ்பிரிங் தெறிக்கும் என்பதால் முகத்துக்கு நேராகப் பிடிக்காமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை பூட்டும்போதும் உள்ளிருந்து ஈயத்துணுக்குகள் மூக்கு வழியாக வெளியே விழும். அவை ஐசியின் கால்களுக்கு இடையே விழுந்தால் ஷார்ட் ஆகும். ஆதலால் போர்டின் மேல் வைத்துப் பூட்டாமல், பக்கத்தில் ஒரு தகர டப்பாவை வைத்து அதற்குள் மூக்கை நீட்டிப் பூட்டும் பழக்கம் வேண்டும். அந்தத் தூளில் ஈயம் இருக்கிறது. வாயால் ஊதிச் சுத்தம் செய்யக் கூடாது, வெற்றிலையோ தேநீரோ வேலை மேசையில் வைக்கக் கூடாது, சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவ வேண்டும். பட்டறையும் வீடும் ஒன்றாக இருக்கும் இடங்களில் குழந்தைகளின் கைக்கு அந்த டப்பா எட்டாமல் இருப்பதை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடையில் வாங்கும்போது சோதித்துப் பார்க்க அயர்னோ ஈயமோ தேவையில்லை. சக்கரைப் பூட்டி, மூக்கின் வாயை விரல் நுனியால் இறுக்க மூடிக்கொண்டு பொத்தானைத் தட்டிப் பாருங்கள். ஓ-ரிங் ஒழுங்காக இருந்தால் பிஸ்டன் கொஞ்ச தூரம் போய்த் தயங்கி நிற்கும், விரல் நுனி உள்ளே இழுபடுவதை உணரலாம். விரலை எடுத்ததும்தான் மீதித் தூரம் ஓடும். விரலால் மூடியிருந்தும் பிஸ்டன் தடையில்லாமல் கடைசிவரை பாய்ந்துவிட்டால், காற்று வேறு வழியாகக் கசிகிறது என்று பொருள். எவ்வளவு பலமான ஸ்பிரிங் இருந்தாலும் அதை வாங்க வேண்டாம். அடுத்து, ஒரே கையால் பூட்ட முடிகிறதா என்று பாருங்கள். மறு கையில் அயர்ன் இருக்கும். பொத்தானைத் தட்டும்போது கை எவ்வளவு துள்ளுகிறது என்பதையும் கவனியுங்கள். எஸ்எஸ்-02 கிடைத்து, காசும் இருந்தால் அதையே வாங்குங்கள், மாற்றுக் குழாயையும் அப்போதே சேர்த்துக் கேளுங்கள். பெரிய ஆம்பிளிஃபயர், டிரான்ஸ்ஃபார்மர் வேலைகள் அடிக்கடி வருமானால் சோல்டாபுல்ட்டையும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். இரண்டும் இப்போதைக்கு முடியாதென்றால், விரல் சோதனையில் தேறிய ஒரு நீலச் சக்கரும், ஒரு சாண் சிலிகோன் குழாயும், 2 மில்லிமீட்டர் விக் ஒரு சுருளும் வாங்கினால் அடுத்த மழைக்காலம் வரை வேலை தடைப்படாது.